அட்டையின் பின்புறம்

திறந்தால் பூங்கொத்து எழும்பி நிற்கும் வாழ்த்து அட்டை. நான்கு லட்டு மட்டும் கொள்ளும், ரிப்பன் முடிச்சிட்ட காகிதப் பெட்டி. வளைகாப்புக்கும் பிறந்தநாளுக்கும் ‘ரிட்டர்ன் கிஃப்ட்’ கொடுக்க இவற்றை இப்போது ஆர்டர் கொடுத்து வாங்குகிறோம். செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, அதே மேசையில் கத்தரியும் பசையுமாக உட்காருகிறவர்கள். சொந்தக்காரர்கள் இதைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுவார்கள். பணம் வராதவரை, “சும்மா பொழுதுபோக்குக்குப் பண்றா.” வரத் தொடங்கிவிட்டால், “வீட்டுல இருந்தபடியே சம்பாதிக்கிறா.” இரண்டு வாக்கியத்திலும் ‘வேலை’ என்ற சொல் வருவதில்லை.

இந்த விடுபடலுக்கு நீண்ட வரலாறு உண்டு. லண்டனில் 1768இல் ராயல் அகாடமி தொடங்கப்பட்டபோது அதன் நிறுவன உறுப்பினர்களில் இரண்டு பெண்கள் இருந்தார்கள்: ஏஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர். ஆனால் சில ஆண்டுகளுக்குள்ளேயே அகாடமி ஒரு விதி போட்டது. தையல் வேலை, செயற்கைப் பூ, வெட்டிய காகிதம், கிளிஞ்சல் வேலை ஆகியவை கண்காட்சிக்குள் வரக்கூடாது. இரண்டு பெண்களை உள்ளே விட்ட கையோடு, பெண்கள் அதிகம் செய்த கலைகளை மொத்தமாக வெளியே நிறுத்திவிட்டார்கள். அதே காலத்தில், அதே நாட்டில், கணவனை இழந்த மேரி டெலனி என்ற பெண் எழுபது வயதைக் கடந்த பிறகு வண்ணக் காகிதத்தை நுணுக்கமாக வெட்டி ஒட்டிப் பூக்கள் செய்யத் தொடங்கினார். பார்வை மங்கும்வரை ஏறக்குறைய ஆயிரம் பூக்கள். ஒவ்வொன்றும் தாவரவியல் துல்லியம் கொண்டது. இன்று அவை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அன்றைக்கு அவை ஒரு சீமாட்டியின் கைவேலை, அவ்வளவுதான்.

காகிதத்தைப் பெண் தொட்டால் விளையாட்டு என்ற இந்த எண்ணத்தை வணிகக் கணக்கால் உடைத்தவர் எஸ்தர் ஹவ்லண்ட். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் நகரில் 1828இல் பிறந்தவர். தந்தைக்குப் புத்தகமும் எழுதுபொருளும் விற்கும் பெரிய கடை. எஸ்தர் படித்தது மேரி லயன் நிறுவிய மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கல்விக்கூடத்தில். கட்டணம் குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காக மாணவிகளே அங்கு வீட்டு வேலைகளைப் பங்கிட்டுச் செய்தார்கள். சமையலறையில் வேலையைப் பிரித்துக்கொள்ளும் பழக்கம் பின்னாளில் அவருக்குத் தொழிற்கூடத்தில் கைகொடுத்திருக்கும் என்பது என் ஊகம். இன்னொரு வேடிக்கையும் உண்டு. எஸ்தர் 1847இல் பட்டம் பெற்று வெளியேறினார். அடுத்து அங்கே படிக்க வந்த எமிலி டிக்கின்சன், காதலர் தின மடல்களை அனுப்பக் கூடாதென்று மேரி லயன் தடை போட்டதை 1848இல் தன் அண்ணனுக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்தத் தடை இருந்த இடத்திலிருந்து வந்தவர்தான் அமெரிக்காவுக்கே காதலர் தின அட்டை செய்து தந்தார்.

தந்தையின் வணிகத் தொடர்பு வழியாக இங்கிலாந்திலிருந்து வந்த ஓர் அட்டை அவர் கைக்குக் கிடைத்தது. ஓரம் முழுக்கக் காகித லேஸ். இதைவிட நன்றாக என்னால் செய்ய முடியும் என்று நினைத்தவர், பொருட்களை வரவழைத்து ஏறக்குறைய ஒரு டஜன் மாதிரிகள் செய்தார். கடைச் சரக்குக்கு ஆர்டர் பிடிக்க ஊர் ஊராகப் போகும் சகோதரரிடம் அவற்றைக் கொடுத்தனுப்பினார். 200 டாலருக்கு ஆர்டர் வந்தால் போதும் என்று காத்திருந்தவருக்கு 5,000 டாலருக்கு வந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. எண் கொஞ்சம் ஊதியிருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. பொருளைச் செய்தது பெண், ரயிலேறி விற்கப் போனது சகோதரன். ஒரு பெண் தனியாக ஊர் ஊராக மாதிரிப் பெட்டியுடன் போய்க் கடைக்காரர்களிடம் பேரம் பேசுவதை அந்தச் சமூகம் சகித்திருக்காது.

1850 பிப்ரவரியில் உள்ளூர்ப் பத்திரிகையில் அவருடைய அட்டைகளுக்கு விளம்பரம் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில், அதே வூஸ்டர் நகரில்தான் அமெரிக்காவின் முதல் தேசியப் பெண்ணுரிமை மாநாடு கூடியது. சொத்துரிமை, வாக்குரிமை, தொழில் செய்யும் உரிமை என்று ஒரு பக்கம் தீர்மானம். இன்னொரு பக்கம் ஒரு வீட்டின் மூன்றாம் மாடியில் நீளமான மேசையைச் சுற்றி உட்கார்ந்து காகிதம் ஒட்டும் பெண்கள். மாசசூசெட்ஸில் மணமான பெண் தன் சம்பாத்தியத்தைத் தன்னுடையதாக வைத்துக்கொள்ளச் சட்டம் வழிவிட்டது 1855இல்தான். அதற்கு முன்பு மனைவி ஈட்டிய காசு கணவனுடையது. எஸ்தர் கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. தொழில் தொடங்கிய அந்த முதல் சில ஆண்டுகளில், லாபம் அவர் பெயரில் நின்றதற்கு அதுவும் காரணம்.

அந்த மூன்றாம் மாடியில் வேலை நடந்த விதம் இதுதான். ஒருத்தி வண்ணப் படங்களை வெட்டுவாள். அடுத்தவள் அட்டையின் பின்னணியைத் தயார் செய்வாள். அது கைமாறி லேஸ் ஒட்டுகிறவளிடம் போகும். கடைசியில் எஸ்தர் சரிபார்ப்பார். வீட்டை விட்டு வர முடியாத பெண்களுக்கு, மாதிரி ஒன்றையும் தேவையான துண்டுகளையும் ஒரு பெட்டியில் வைத்து அனுப்புவார்கள். ஒரு வாரம் கழித்து முடித்த அட்டைகளை வாங்கிவருவார்கள். வணிகப் படிப்புகளில் தொடர் உற்பத்தி என்றாலே ஹென்றி ஃபோர்டு 1913இல் தொடங்கியதிலிருந்து பாடம் ஆரம்பிக்கும். அறுபது ஆண்டுகளுக்கு முன்பே பசையும் தூரிகையும் வைத்து அதைச் செய்த பெண்கள் அந்தப் பாடத்தில் வருவதில்லை.

அட்டையின் நுட்பத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சிறு காகிதப் பட்டையை முன்னும் பின்னுமாக விசிறி போல மடித்து, இரண்டு அடுக்குகளுக்கு நடுவே ஒட்டினால் அது சுருள்வில்லாக வேலை செய்யும். மேலே உள்ள லேஸ் அடுக்கு அட்டையிலிருந்து தூக்கி நிற்கும். அதற்கு அடியில் ஒரு பளபளக்கும் வண்ணத் தாள், அதற்கும் உள்ளே ஒரு சிறு படம். இன்று நாம் பாப்-அப் என்று சொல்வதன் நெருங்கிய உறவு இது. பழைய அட்டைகளின் படங்களைப் பார்த்து நானும் ஒன்று செய்துபார்த்தேன். பட்டையின் மடிப்புகள் ஒரே அகலத்தில் இல்லையென்றால் லேஸ் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. பசை கொஞ்சம் கூடினால் வில் இறுகி நின்றுவிடுகிறது. ஓர் அட்டைக்கு எனக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. “பொறுமை இருந்தால் யாரும் செய்யலாம்” என்கிறவர்களிடம் அந்தப் பட்டையைக் கொடுத்துப் பார்க்கலாம்.

தொழில் வளர்ந்தது. ஆண்டு வரவு ஒரு லட்சம் டாலரைத் தொட்டதாகச் சொல்வார்கள். முழங்காலில் அடிபட்டுச் சில காலம் சக்கர நாற்காலியில் இருந்தபோதும் எஸ்தர் தொழிலை விடவில்லை. 1879இல், அச்சிட்ட வாசகம் பிடிக்காதவர்கள் வேறொன்றைத் தேர்ந்து மேலே ஒட்டிக்கொள்ள வாசகப் புத்தகம் ஒன்றையும் வெளியிட்டார். பிறகு, 1881இல், நோயுற்ற தந்தையைப் பார்த்துக்கொள்வதற்காக மொத்தத்தையும் ஜார்ஜ் விட்னி என்ற போட்டியாளருக்கு விற்றுவிட்டார். முப்பது ஆண்டுக்கு மேலாக நடத்திய நிறுவனம். மணமாகாத மகள்தானே வீட்டில் இருக்க வேண்டும்? அந்தக் கதையில் என்னால் எளிதாகக் கடந்துபோக முடியாத இடம் இது.

1904இல் அவர் இறந்த பிறகு அவருக்கு நிலைத்த பட்டம் ‘அமெரிக்க வாலண்டைனின் தாய்’. ஆணாக இருந்தால் தொழிலதிபர் என்றிருப்பார்கள். பிள்ளை பெறாத பெண்ணையும் தாய் ஆக்கினால்தான் வரலாற்றுக்கு நிம்மதி போலும்.

அவருடைய அட்டைகளை இன்று அடையாளம் காண்பவர்கள் பின்புறத்தைத் திருப்பிப் பார்க்கிறார்கள். அங்கே சிவப்பில் ‘எச்’ என்ற சிறிய எழுத்து இருக்கும். ஏல விலையை அதுதான் உயர்த்துகிறது. வெட்டியவளும் ஒட்டியவளும் விசிறி மடித்தவளும் அந்த ஓரெழுத்துக்குள் அடங்கிவிட்டார்கள். வேலை இலேசானது, கூலி தாராளமானது என்று அந்தத் தொழிற்கூடத்தைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் ‘பெண் தொழில்முனைவோர்’ என்று நாம் கொண்டாடும்போது, மேசையின் தலைமாட்டில் நின்றவரை மட்டும் கொண்டாடுகிறோம். மேசையைச் சுற்றி இருந்தவர்களைக் கேட்க மறந்துவிடுகிறோம். பெண்ணிய வரலாற்றுக்கும் இந்த மறதி உண்டு.

அதே மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், அதே காலத்தில், காகிதப் பை செய்யும் நிறுவனம் ஒன்றில் மார்கரெட் நைட் வேலை பார்த்தார். அடிப்பக்கம் தட்டையாக, நிற்க வைக்கக்கூடிய பைகளை அன்று கையால்தான் மடித்து ஒட்டினார்கள். மளிகைக் கடைப் பையும் மிட்டாய்ப் பையும் இன்று நிற்பது அந்த மடிப்பால்தான். அந்த மடிப்பைச் செய்யும் இயந்திரத்தை நைட் வடிவமைத்தார். மரத்தில் மாதிரி செய்து, அதை இரும்பில் செய்யக் கொடுத்த பட்டறையில் பார்த்த சார்லஸ் அனன் என்பவர் முந்திக்கொண்டு தன் பெயரில் காப்புரிமை வாங்கிவிட்டார். நைட் வழக்குத் தொடுத்தார். குறிப்பேடுகளையும் வரைபடங்களையும் சாட்சிகளையும் கொண்டுவந்து நிறுத்தி வென்றார். 1871இல் காப்புரிமை அவர் பெயருக்கு வந்தது. பெண்ணுக்கு இயந்திரம் புரியாது என்ற வாதம் எதிர்த்தரப்பின் ஆயுதமாக இருந்தது என்று சொல்லப்படுகிறது. நைட்டின் வெற்றி பாடப்புத்தகத்தில் இருக்க வேண்டியது. கூடவே இன்னொன்றையும் எழுத வேண்டும்: அந்த இயந்திரம் பறித்தது கையால் பை மடித்தவர்களின் வேலையை.

லேஸும் ரிப்பனும் இல்லாத காகிதப் பெட்டி ஒன்று உண்டு. தீப்பெட்டி. எஸ்தர் தன் நிறுவனத்தை விற்ற அதே பத்தாண்டில், கிழக்கு லண்டன் ஏழைக் குடியிருப்புகளில் பெண்களும் குழந்தைகளும் வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டினார்கள். ஒரு குரோஸுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, இரண்டேகால் பென்ஸ் அளவில் கூலி. பசைக்கு மாவும் கட்டுவதற்குச் சணலும் அவர்கள் காசில். 1888 ஜூனில் பிரையன்ட் அண்ட் மே தொழிற்சாலைப் பெண்களின் நிலையைப் பத்திரிகையில் எழுதியவர் அன்னி பெசன்ட்; பின்னாளில் அடையாறில் வாழ்ந்து, 1917இல் இந்திய மாதர் சங்கத்தின் முதல் தலைவரானவர். அடுத்த மாதம் சுமார் 1,400 பேர் வேலைநிறுத்தம் செய்து வென்றார்கள். அன்னி பெசன்ட் நடத்திய வேலைநிறுத்தம் என்றே அது நெடுங்காலம் எழுதப்பட்டது. தொழிலாளிப் பெண்களே முன்னின்று நடத்தினார்கள் என்பதை லூயிஸ் ரா என்ற வரலாற்றாசிரியர் 2009இல் வெளிவந்த தன் நூலில் வாதிட்டு நிறுவினார். அட்டையின் பின்புறத்து ‘எச்’ போலத்தான் இதுவும். வாசலில் கூடி நிற்க முடிந்ததால் தொழிற்சாலைப் பெண்களுக்கு ஒரு வரலாறாவது கிடைத்தது. தனித்தனி அறைகளில் பெட்டி ஒட்டியவர்களுக்குக் கூடுவதற்கு வாசலே இல்லை.

கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கிய கதை தமிழ்நாட்டில் பலருக்கும் தெரியும். சாத்தூர், கோவில்பட்டி என்று பரவிய அந்தத் தொழிலில் பெட்டி ஒட்டும் வேலை நீண்ட காலம் வீடுகளுக்குத்தான் வந்தது. சாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்ட என் பெரிய அத்தை இருபத்தெட்டு வருஷம் ஒட்டினார். கூலி அங்கேயும் குரோஸ் கணக்குதான். லண்டனில் எண்ணிய அதே 144. பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அத்தையின் நகக்கண்களில் நீலம் ஏறியிருக்கும். சோறு பிசைவதற்கு முன் அவர் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டே இருப்பார். கோணலாகப் போன பெட்டிகளை ஏஜென்ட் கழித்துவிடுவார். கழித்தவற்றுக்குக் கூலி கிடையாது. அவற்றைத் திருப்பியும் தரமாட்டார்.

வீட்டில் இருந்து உழைப்பவர்களும் தொழிலாளிகளே, மற்றவர்களுக்குள்ள உரிமைகள் அவர்களுக்கும் வேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1996இல் 177ஆம் உடன்படிக்கையை ஏற்றது. அதற்காக உலக அளவில் வாதாடியவர்களில் முக்கியமானவர்கள் எலா பட் 1972இல் அகமதாபாத்தில் தொடங்கிய ‘சேவா’ அமைப்பின் பெண்கள். இந்தியா அந்த உடன்படிக்கையை ஏற்று உறுதிசெய்யவில்லை.

அத்தைக்கு முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதியது நான்தான். தொழில் என்ற இடத்தில் ‘தீப்பெட்டி ஒட்டுதல்’ என்று எழுதினேன். வாங்கிப் பார்த்தவர், யாரிடம் வேலை பார்த்தார் என்பதற்குச் சான்று இருக்கிறதா என்று கேட்டார். ஏஜென்ட் இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. அவர் தந்த சிட்டைகளை அத்தை அடுப்புப் பற்றவைக்கப் பயன்படுத்திவிட்டார். அவர் என் எழுத்தை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே ‘வீட்டு வேலை’ என்று எழுதிக்கொண்டார்.