விமானத்தைத் திருப்புவது ஆர்?

எங்கட சீனன்குடா ஓடுபாதைக்கு ஒரு யுத்தக்கதை இருக்கு. 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டுபோட வந்தபோது, பிரித்தானிய ஹரிக்கேன்கள் அங்கிருந்துதான் மறிக்க எழும்பின. விமானி பிடித்த தண்டையும் இறக்கையின் அசையும் பலகைகளையும் இணைத்தது உலோக வடமும் கப்பியும். கை இழுத்தால் பலகை அசையும். நடுவில ஒருத்தரும் இல்லை.

அந்த நடுவிடத்துக்குத்தான் பிறகு கணினி வந்தது. 1972இல் நாசா ஒரு எஃப்-8 போர்விமானத்தில் இதைப் பறந்து பரீட்சித்தது. கொன்கோர்ட்டிலும் மின்சைகை இருந்தது என்றாலும், எண்ணிமக் கணினியை நம்பிப் பறந்த முதல் பயணிகள் விமானம் எயார்பஸ் ஏ320. 1988இல் சேவைக்கு வந்தது. விமானியின் பக்கத்திலுள்ள சின்னத் தண்டு மின்சைகை அனுப்பும். கணினி கணக்குப் பார்க்கும். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் உந்துகருவி பலகையை அசைக்கும். ஒரு கணினி பழுதானால் இன்னொன்று பொறுப்பெடுக்கும். ஒரே பிழை எல்லாவற்றிலும் வராமலிருக்க, இரண்டு வகைக் கணினிகளை வேறுவேறு நுண்செயலிகளோடு செய்தார்கள்.

இதில் பாதுகாப்பு எல்லைகளும் உண்டு. விமானி தண்டை முழுசாச் சாய்த்தாலும் விமானம் 67 பாகைக்கு மேல் சரியாது. மூக்கு 30 பாகைக்கு மேல் எழும்பாது. தூக்குவிசை அறுந்துபோகிற கோணத்துக்கும் போக விடாது.

அப்படியென்றால் விழவே விழாதா? 1990 பெப்ரவரி 14 அன்று பெங்களூரில் இந்தியன் எயார்லைன்ஸின் 605ஆம் விமானம் ஓடுபாதைக்கு முன்னாலிருந்த கோல்ஃப் திடலில் விழுந்தது. வாங்கி இரண்டு மாதங்கூட ஆகாத ஏ320. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். இறங்கும்போது இயந்திரங்கள் மிகக் குறைந்த விசையில் ஓடின, வேகம் விழுந்துகொண்டே போனது, விமானிகள் அதை வேளைக்குக் கவனிக்கவில்லை. கணினி மூக்கை எல்லைக்குள் வைத்திருந்தது. முழு விசைக்கான கட்டளையும் கடைசியில் போனது. ஆனால் ஜெட் இயந்திரம் முழு விசைக்கு வரச் சில விநாடிகள் வேணும். அந்த விநாடிகளுக்குப் போதுமான உயரம் மிச்சமிருக்கவில்லை.

இந்தியா தன் ஏ320களைத் தரையில் நிறுத்தியது. விசாரணை விமானிகளின் தவறையே முதன்மைக் காரணமாகச் சொன்னது. எங்களுக்கு அதோட கதை முடியவில்லை. இயந்திரம் எந்த நிலையில் இருக்கு என்று மனிசருக்கு விளங்கவில்லையென்றால், அது வடிவமைத்தவர்களும் பயிற்சி கொடுத்தவர்களும் யோசிக்க வேண்டிய விசயம். 1995இல் சேவைக்கு வந்த போயிங் 777 வேறு வழியைத் தேர்ந்தது: எல்லை நெருங்கினால் தண்டு கனக்கும், ஆனால் விமானி பலமாக இழுத்தால் விட்டுக்கொடுக்கும்.

கட்டுநாயக்காவில் இருந்து சென்னைக்கும் வளைகுடாவுக்கும் எங்கட சனம் ஏறுகிற எயார்பஸ்களிலும் இந்தக் கணினிகள்தான் இருக்கு. பெரும்பாலும் அவை விமானியின் கைப்பிழையைத் திருத்தும். வேகத்தையும் உயரத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிற வேலை இன்னும் விமானியோடதுதான்.