காணாத காற்றும் காணாமற்போன விமானமும்



நம் கரையோர மக்கள் காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்டு வழங்கினர். தென்மேற்கிலிருந்து வருவது சோழகம். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். பாய் விரித்தோடும் தோணிக்கு இவ்வறிவு போதுமாயிருந்தது. ஆயினும் இப்பெயர்கள் யாவும் கடலின் முகத்தைத் தடவிச் செல்லும் காற்றுக்கே உரியன. நம் தலைக்கு மேலே ஒன்பது, பத்துக் கிலோமீற்றர் உயரத்தில் எத்தகைய காற்று வீசுகின்றது என்பதை மனிதன் அறியவந்த வரலாறு மிக அண்மையது.

விமானம் ஓட்டப் பயிலும் மாணாக்கர் தொடக்கத்திலேயே கற்கும் உண்மை ஒன்றுண்டு. விமானத்தின் வேகமானி காட்டுவது காற்றினூடே அது செல்லும் வேகத்தையே. நிலத்தைக் கடக்கும் வேகத்தையன்று. வேகமானி மணிக்கு 350 கிலோமீற்றர் என்று காட்டும்போது எதிர்க்காற்று 150 கிலோமீற்றர் வேகத்தில் வீசினால், விமானம் உண்மையில் 200 கிலோமீற்றரே கடக்கும். ஆற்றில் எதிர்நீரோட்டத்தில் துடுப்பு வலிப்பவன் கரையிலுள்ள மரங்களைப் பார்த்துத் தன் நிலையை அறிவான். கீழே முகில் மூடியிருந்தால் விமானிக்கு அந்த மரமும் இல்லை. காற்றின் வேகத்தை அவன் முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும்.

இவ்வறிவை முதலில் திரட்டியவர்களுள் தலையாயவர் ஜப்பானியரான வசபுரோ ஓயிஷி. தோக்கியோவுக்கு வடகிழக்கே, தத்தெனோ என்னுமிடத்தில் 1920இல் அமைந்த மேல்வளி அவதான நிலையத்தின் தலைவர் அவர். சிறு பலூன்களை வானில் விட்டு, கோணமானி பொருத்திய தொலைநோக்கியால் அவற்றைப் பின்தொடர்ந்தார். பலூன் நிமிடத்துக்கு எவ்வளவு உயரும் என்பது தெரிந்திருந்தமையால், அது காற்றினால் எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்பதைக் கோணங்களிலிருந்து கணிக்க இயன்றது. குளிர்காலத்தில் ஏறத்தாழ 9 கிலோமீற்றர் உயரத்தில் மேற்கிலிருந்து வினாடிக்கு 70 மீற்றர், அதாவது மணிக்கு 250 கிலோமீற்றர் வேகத்தில் காற்று ஓடுவதை அவர் கண்டார். பெருஞ் சூறாவளியின் வேகம் அது. ஆனால் தெளிந்த வானில், ஓசையின்றி!

1926இல் அவர் தம் முடிபுகளை எஸ்பராந்தோ மொழியில் வெளியிட்டார். உலகினர் அனைவரும் படிக்கவேண்டும் என்ற நல்லெண்ணத்தாலேயே அப்பொதுமொழியைத் தெரிந்தெடுத்தார்; படித்தவரோ மிகச் சிலர். மொழியே இதற்குக் காரணம் என்பர். எனக்கு அது முழு விடையாகத் தோன்றவில்லை. அக்காலத்தில் அவ்வுயரத்திற் பறக்கும் பயணிகள் விமானம் எதுவும் இருந்ததில்லை. தேவை பிறவாத அறிவு எம்மொழியில் இருந்தாலென்ன?

தேவை போரோடு பிறந்தது. 1944 நவம்பர் 24ஆந் திகதி 111 அமெரிக்க விமானங்கள் தோக்கியோவின் அயலிலுள்ள விமானத் தொழிற்சாலையொன்றைத் தகர்க்கப் புறப்பட்டன. அவ்வுயரத்துக் காற்று அவற்றை நிலத்தின்மேல் மணிக்கு 700 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் உந்தித் தள்ளிற்று. குறியை நோக்கிக் குண்டு வீசியவை 24 மட்டுமே. ஜப்பானியரோ அதே மாதத்தில் அதே காற்றில் வெடிபலூன்களை ஏற்றிப் பசிபிக் சமுத்திரத்துக்கு அப்பால் அமெரிக்காவுக்கு அனுப்பத் தொடங்கினர்.

போர் முடிந்தும் இச்செய்தி எல்லா விமானிகளையும் எட்டவில்லை. 1947 ஓகஸ்ட் 2ஆந் திகதி ஆர்ஜென்தீனாவின் புவனோஸ் அயர்ஸ் நகரிலிருந்து சிலி நாட்டின் சந்தியாகோவுக்கு ‘ஸ்டார் டஸ்ட்’ என்னும் பிரித்தானிய விமானம் புறப்பட்டது. பயணிகள் அறுவர், பணியாளர் ஐவர். குண்டுவீச்சு விமானமொன்றின் அமைப்பைத் தழுவிச் செய்யப்பட்ட அவ்விமானம் அந்தீஸ் மலைத்தொடரின் கொடுமுடிகளுக்கு மேலாகப் பறக்க வல்லது. அன்று மலைகளை முகில் மூடியிருந்தது. மாலை 5 மணி 41 நிமிடத்துக்கு, இன்னும் நான்கு நிமிடத்தில் சந்தியாகோவை அடைவதாக மோர்ஸ் குறிப்பால் செய்தி வந்தது. செய்தியின் ஈற்றில் ‘ஸ்டெண்டெக்’ என்றொரு சொல். விளங்காத நிலைய அலுவலர் திருப்பிக் கேட்க, அதே சொல் மீண்டும் வந்தது. அதன் பொருள் இன்றும் விளங்கவில்லை. பின்னர் அமைதி. தேடியவர்கள் வெறுங்கையுடன் திரும்பினர். சதியென்றும் வேற்றுலகத்தார் செயலென்றும் கதைகள் பெருகின.

அரை நூற்றாண்டு கழித்து, 1998இல், துபுங்கத்தோ மலையின் பனியாற்றில் மலையேறிகள் இருவர் இயந்திரமொன்றின் சிதைவைக் கண்டனர். 2000இல் ஆர்ஜென்தீன இராணுவத்தினர் சென்று ஆராய்ந்தனர். இடமோ சந்தியாகோவுக்கு ஏறத்தாழ 80 கிலோமீற்றர் கிழக்கே! சுழல்விசிறியின் வளைவு, மோதும் வேளையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததைக் காட்டிற்று. இயந்திரக் கோளாறன்று, சதியுமன்று. மலைமேல் ஓடிய கடும் எதிர்க்காற்று விமானத்தைப் பின்தங்கச் செய்ய, மலைகளைக் கடந்துவிட்டதாகக் கணக்கிட்ட விமானி முகிலுக்குள் இறங்கியிருத்தல் வேண்டும் என்பதே அறிஞர் பலரும் ஏற்கும் விளக்கம். விழுந்த விமானத்தைப் பனிச்சரிவு மூடிற்று. பனியாறு அதனை மெல்ல மெல்லக் கீழே கொணர்ந்து, ஐம்பது ஆண்டுகளின்பின் வெளியே தள்ளிற்று. அவ்விமானி கணக்கறியாதவர் அல்லர். கணக்கில் இடவேண்டிய ஓர் எண்ணே அவரிடம் இருந்ததில்லை.

அதே 1947இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் ரொஸ்பி என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் இக்காற்றோட்டத்தை ஆராய்ந்து ‘ஜெற்’ காற்றோட்டம் என்னும் பெயரால் உலகுக்கு அறியத்தந்தனர். பகை நட்பாயிற்று. 1952 நவம்பரில் அமெரிக்கப் பயணிகள் விமானமொன்று வேண்டுமென்றே அதில் ஏறித் தோக்கியோவிலிருந்து ஹொனலூலுவை அடைந்தது. வழக்கமாக 18 மணி நேரம் பிடிக்கும் பயணம் பதினொன்றரை மணியில் முடிந்தது.

இக்காற்று தொலைநாடுகளுக்கே உரியதென்று எண்ணிவிட வேண்டாம். இந்திய வளிமண்டலவியலாளர் கோட்டேஸ்வரம் 1958இல் வெளியிட்ட ஆராய்ச்சி, கோடைக்காலத்தில் தென்னாசியாவுக்கு மேலும் ஒரு ஜெற் காற்றோட்டம் ஓடுவதைக் காட்டிற்று. அதன் திசை மறுதலையானது. நம் முற்றங்களிற் சோழகம் புழுதி வாரும் ஆனி, ஆடி மாதங்களில், 14 கிலோமீற்றர் அளவான உயரத்தில் அது கிழக்கிலிருந்து மேற்கே மணிக்கு நூறு கிலோமீற்றருக்கும் மேலான வேகத்தில் விரைகின்றது. அம்மாதங்களில் அதன் எல்லைக்குட் பறந்து மேற்கே செல்லும் விமானத்துக்கு அது துணைக்காற்று. திரும்பி வரும்போது எதிர்க்காற்று.