யாழ்ப்பாணத்து மெதடிஸ்த சபையும் அதன் வார ஒழுங்கும் – ஒரு வரலாற்று நோக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்துக் கிறித்தவ மிஷன்களைப் பற்றி எழுதப்புகுந்தோர் பெரும்பாலும் மூன்று பொருள்களையே தம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டனர். பாடசாலை ஒன்று, அச்சியந்திரம் மற்றொன்று, வேதாகம மொழிபெயர்ப்பும் அதனையொட்டி எழுந்த சமயக் கண்டனங்களும் மூன்றாவது. இம்மூன்றும் ஆராயத்தக்கனவே என்பதில் ஐயமில்லை. ஆயினும், மிஷனரிமார் எழுதிய கடிதங்களும் அறிக்கைகளும் முடிந்துபோன பின்னரும் முடியாது நின்ற ஒன்று உண்டு. அதுவே சபை. ஞாயிறுதோறும் கூடி, கிழமை நாட்களில் வீடு வீடாகச் செபித்து, அடுத்த கிழமைக்குரிய கருமங்களை அறிவித்துக் கலையும் சாதாரண மக்களின் கூட்டம் எவ்வாறு தன்னைத்தானே நடத்திக்கொண்டது என்ற வினா நம் வரலாற்று நூல்களில் அதிகம் இடம்பெறவில்லை. அவ்வினாவை யாழ்ப்பாணத்து மெதடிஸ்த சபையை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குருநகரிலிருந்து ஒரு பார்வை

இவ்வாய்வைக் குருநகரிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். முன்பு கரையூர் என வழங்கப்பெற்ற குருநகர், யாழ்ப்பாண நகரின் தென்கரையில் கடலேரியை அணைந்து கிடக்கும் கடற்றொழிலாளர் ஊர். மரியன்னை பேராலயமும் புனித பத்திரிசியார் கல்லூரியும் இப்பகுதியிலேயே உள்ளன. ஊரவரிற் பெரும்பாலோர் கத்தோலிக்கர். இங்கிருந்து மேற்கே கோட்டைப் பக்கமாக நடந்தால், அதிக தூரஞ் செல்லுமுன் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் வேம்படி மகளிர் கல்லூரியும் வந்துவிடும். அவையே மெதடிஸ்த மிஷன் வேரூன்றிய இடம். சிறிது தூர இடைவெளியில் இருவேறு கிறித்தவ மரபுகள் அயலவராய் வாழ்ந்து வந்திருக்கின்றன.

மெதடிஸ்தர் வருமுன்னரே குருமாரில்லாமற் சபை வாழ்ந்த வரலாறொன்று இக்கரைக்கு உண்டு. 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது, குருமார் வெளியேற்றப்பட்டனர். 1687ஆம் ஆண்டில் யோசேப் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து, சில்லாலையைத் தளமாகக் கொண்டு மறைவில் பணிபுரியத் தொடங்கும்வரை, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நம்பிக்கையைக் காத்தவர்கள் இல்லறத்தாரே. செபங்களை மனனஞ்செய்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் நாட்களை மறவாது எண்ணியவர்களும் அவர்களே. ஆகவே, பொதுமக்கள் தலைமை தாங்குதல் என்பதை மெதடிஸ்தர் இம்மண்ணுக்குப் புதிதாகக் கொண்டுவந்தனர் எனக் கூறுதல் பொருந்தாது. அவர்கள் கொண்டுவந்தது வேறொன்று. அத்தலைமையை எழுத்தில் வைத்து, முறைபோட்டு, கிழமைதோறும் கணக்குப் பார்க்கும் ஒழுங்கே அதுவாகும்.

வகுப்பு என்னும் அமைப்பு

அவ்வொழுங்கின் தோற்றம் ஒரு கடன் தொகையோடு தொடர்புடையது. 1742ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலே யோன் வெஸ்லியின் சபையார் தம் பிரசங்க மண்டபத்தின் கடனைத் தீர்க்க வழிதேடிக் கூடினர். ஒவ்வொருவரும் வாரத்துக்கு ஒரு பென்னி கொடுக்கலாம் என ஒருவர் கூற, ஏழைகளால் அதுவும் இயலாது என்றார் இன்னொருவர். அப்பொழுது கப்டன் ஃபோய் என்பவர், மிக வறியவர் பதினொருவரைத் தம்பொறுப்பில் விடுமாறும், அவர்கள் கொடுக்க முடியாதபோது தாமே அவர்களுக்காகக் கொடுப்பதாகவும் கூறினார். பிறரும் அவ்வாறே அயலவர் பதினொருவரைப் பொறுப்பேற்றனர். பணம் வாங்கக் கிழமைதோறும் வீடுகளுக்குச் சென்றவர்கள், அங்கே நோயையும் வறுமையையும் குடும்பப் பிணக்கையும் கண்டு வந்து வெஸ்லியிடம் கூறினர். கடன் வசூலிக்கும் ஏற்பாடு இவ்வாறு ஆன்ம பராமரிப்பு அமைப்பாக மாறியது. பன்னிருவர் கொண்ட அச்சிறு குழுவே ‘வகுப்பு’ எனவும், அதன் பொறுப்பாளர் ‘வகுப்புத் தலைவர்’ எனவும் பெயர்பெற்றனர். அவர் குருவானவரல்லர், கைத்தொழிலாளராகவோ வணிகராகவோ இருக்கலாம், பெண்களும் அப்பொறுப்பை வகித்தனர்.

இதனோடு இணைந்தவை ‘சேகரம்’ என்ற அமைப்பும் பிரசங்க அட்டவணையுமாகும். பல சபைகள் சேர்ந்தது ஒரு சேகரம். குருமார் சிலரே, சபைகளோ பல. எனவே, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஒரு தாள் அச்சிடப்பெற்றது. அதன் ஒரு பக்கத்தே சபைகளின் பெயர்கள்; மேலே ஞாயிற்றுக்கிழமைகளின் திகதிகள்; கட்டங்களுள்ளே அன்றன்று பிரசங்கிக்க வேண்டியவருக்குரிய இலக்கம். அவ்விலக்கத்துக்குரியவர்களிற் பலர் ஊதியம் பெறாத பொதுநிலைப் பிரசங்கிமார். அங்கத்தவர் ஒவ்வொருவருக்கும் காலாண்டுக்கொருமுறை அங்கத்துவச் சீட்டும் வழங்கப்பட்டது. வரவிருக்கும் மூன்று மாதங்களையும் ஒரே தாளில் முன்னரே வகுத்துவைக்கும் இப்பழக்கம் மெதடிஸ்தரின் தனி முத்திரை எனலாம்.

யாழ்ப்பாணத்திற் கால்கொண்ட விதம்

1813ஆம் ஆண்டின் இறுதியில் தோமஸ் கோக் என்பவரின் தலைமையில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட வெஸ்லியன் மிஷனரிமாருக்குத் தொடக்கமே பேரிழப்பாயிற்று. 1814 மே 3ஆம் திகதி கோக் நடுக்கடலிலே காலமானார். எஞ்சியோர் பம்பாயை அடைந்து, அவருள் ஐவர் அவ்வாண்டு யூன் மாத இறுதியில் இலங்கையின் தென்கரையில் இறங்கினர். காலியிற் கூடித் தமக்குள் இடங்களைப் பகிர்ந்துகொண்டனர். யேம்ஸ் லிஞ்ச், தோமஸ் ஸ்குவான்ஸ் ஆகிய இருவரும் ஆகஸ்ட் மாதத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தனர். மட்டக்களப்புக்குச் சென்ற வில்லியம் ஓல்ட் அடுத்த ஆண்டிலேயே அங்கு காலமானார்.

யாழ்ப்பாணத்தில் அவர்களை வரவேற்றவர் ஒரு தமிழர் என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது. தஞ்சையிலே சுவார்ட்ஸ் ஐயரின் மாணாக்கராயிருந்து, 1801ஆம் ஆண்டு முதல் யாழ்ப்பாணத்தில் அரசாங்கப் பிரசங்கியாராகப் பணியாற்றிய கிறிஸ்தியான் தாவீதே அவர். தமிழில் வழிபாடு நடத்தும் மரபும் தஞ்சைக் கிறித்தவரின் பாடல் மரபும் ஏற்கெனவே இங்கு வந்திருந்தன. தமிழறியாத அவ்விருவரும் முதலில் மொழிபெயர்ப்பாளரின் துணையுடனேயே பேச வேண்டியிருந்தது. 1816ஆம் ஆண்டில் அவர்கள் தொடங்கிய ஆங்கிலப் பாடசாலையே பின்னர் மத்திய கல்லூரியாக வளர்ந்தது. அதே ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையிலும், 1818இல் சேர்ச் மிஷனரிமார் நல்லூரிலும் நிலைகொண்டனர். வெஸ்லியன் மிஷனுக்கு நகரமும், வடமராட்சியிற் பருத்தித்துறையும் முக்கிய நிலையங்களாயின.

கரையூர் மக்கள் இவர்களின் சபையிற் பெருமளவிற் சேரவில்லை. இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக உறுதிபெற்ற கத்தோலிக்க வாழ்வு அவர்களுக்கு இருந்தது. வெஸ்லியன் சபை பெரும்பாலும் பாடசாலையின் வழியாகவே வளர்ந்தது. ஆசிரியர், எழுதுவினைஞர், அவர்தம் குடும்பத்தினர் ஆகியோரே அதன் தூண்களாயினர். பகலில் வகுப்பறையிற் கற்பித்தவரே மாலையில் வகுப்புக் கூட்டத்தை நடத்தினார். ஞாயிறன்று அட்டவணைப்படி அயற்சபைக்குச் சென்று பிரசங்கித்தார். இது சபைக்குப் பெரும் பலமாயிருந்தது. அதுவே பின்னர் பலவீனமுமாயிற்று என்பதை மேலே காண்போம்.

வெள்ளிக்கிழமைப் பிரசங்கம்

இவ்வார ஒழுங்கின் செல்வாக்கு கிறித்தவ எல்லைக்குள் அடங்கிவிடவில்லை. பீற்றர் பேர்சிவல் பாதிரியார் தலைமையிலிருந்த வெஸ்லியன் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராகி, வேதாகம மொழிபெயர்ப்பிலும் துணைபுரிந்தவர் ஆறுமுக நாவலர். 1847ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 31ஆம் திகதி வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே அவர் தம் முதற் சைவப் பிரசங்கத்தை நிகழ்த்தினார். அப்பொழுதும் அவர் பேர்சிவலின் பாடசாலையில் ஆசிரியராகவே இருந்தார்; அடுத்த ஆண்டிலேயே அப்பதவியைத் துறந்தார். தொடர்ந்து வெள்ளிக்கிழமைதோறும் அங்கே பிரசங்கம் நடைபெற்றது. மெதடிஸ்தர் ஆண்டிறுதி விழிப்பு ஆராதனை நடத்தும் நாளும் டிசம்பர் 31ஆம் திகதியே. இது தற்செயலாய் நேர்ந்ததாகவும் இருக்கலாம். அதனைக்கொண்டு எதனையும் நிறுவ முற்படுதல் தகாது.

எனினும், நாவலரின் பிரசங்க முறையிலே மெதடிஸ்தரின் முறையை அவர் எடுத்தாண்ட பாங்கு தெரிகிறது என ஆய்வாளர் டெனிஸ் ஹட்சன் சுட்டியுள்ளமை ஏற்கத்தக்கதே. புராண படனமும் பயன் சொல்லுதலும் யாழ்ப்பாணத்துக் கோயில்களில் முன்னரே நிலவியவை. அவற்றின்மீது ஒரு குறித்த கிழமை, ஒரு குறித்த பொருள், யாவருக்கும் விளங்கும் உரைநடை என்பன புதிதாக வந்து பொருந்தின. மிஷனை எதிர்த்து நின்றவரே மிஷனின் நாட்காட்டியைச் சைவத்துக்கு உரியதாக்கினார் என்பதில் முரண்பாடு எதுவுமில்லை. எதிராளியின் கருவியை நன்கறிந்து அதனைத் தனதாக்கிக்கொள்ளும் நுண்ணறிவே அது.

இன்றைய வாரம்

மெதடிஸ்த சபையொன்றில் ஞாயிறு ஆராதனையின்போது வாசிக்கப்பெறும் அறிவித்தல்களைச் செவிமடுப்போர், மேற்கூறிய வரலாறு முழுவதையும் அவற்றிற் கேட்கலாம். அடுத்த ஞாயிறு பிரசங்கிப்பவர் யார், திருவிருந்து உண்டா, ஓய்வுநாட் பாடசாலைப் பிள்ளைகளின் பரீட்சை எப்போது, வீட்டுச் செபக்கூட்டம் எவர் இல்லத்தில், பெண்கள் ஐக்கியமும் வாலிபர் ஐக்கியமும் எந்நாளிற் கூடும், நோயுற்றிருப்போர் யாவர், யாருக்கு எவரோடு விவாகம் நிச்சயமாகியுள்ளது என்பன ஒன்றன்பின் ஒன்றாக வரும். கேட்பவருக்கு இவை சிறு செய்திகளே. ஆயின், வீட்டுச் செபக்கூட்டம் பழைய வகுப்பின் வழித்தோன்றல். பிரசங்கியாரின் பெயர் பழைய அட்டவணையின் ஒரு கட்டம். நோயாளரின் பெயர்களோ கப்டன் ஃபோய் பென்னி வாங்கச் சென்ற வீடுகளின் நினைவு.

ஆண்டு வட்டமும் இவ்வாறே. தைமாதத்தின் முதல் ஞாயிறுகளுள் ஒன்றில் உடன்படிக்கை ஆராதனை நடைபெறும். 1755ஆம் ஆண்டில் வெஸ்லி தொடக்கிய இவ்வழக்கத்திலே, சபையார் யாவரும் தம்மை மீண்டும் இறைவனுக்கு ஒப்புக்கொடுப்பர். தொடர்ந்து தபசு காலம், பெரிய வெள்ளி, உயிர்ப்பு ஞாயிறு என்பன வரும். அறுப்பின் பண்டிகையில் வாழைக்குலையும் முருங்கைக்காயும் பனங்கட்டியும் பலகாரமும் காணிக்கையாக வந்து குவியும். ஆராதனை முடிந்ததும் அவை ஏலத்திற் கூறப்படும். ஒரு பூசணிக்காயை வாங்கி, அதனை மீண்டும் சபைக்கே கொடுத்து, இரண்டாந்தரம் ஏலத்துக்கு விடும் உற்சாகம் வயலும் தோட்டமும் இல்லாத நகரச் சபையிலும் குன்றுவதில்லை. மார்கழியில் வீடுகள்தோறும் பாடிச்செல்லும் குழுக்கள். ஆண்டின் இறுதி இரவில் விழிப்பு ஆராதனை. குருநகரிலோ கிழமையின் அச்சு வேறு. ஞாயிறன்று தொழிலை நிறுத்திப் பூசைக்குச் செல்லுதல் கத்தோலிக்கக் கடற்கரை ஊர்களிற் பரவலான மரபு. அங்கு நாளைக் கூறுவது கோயில் மணி. இங்கு அதனைக் கூறுவது அறிவித்தல் தாள். இரண்டும் ஒரே ஞாயிறையே காக்கின்றன.

சோதனைகள்

1960, 1961ஆம் ஆண்டுகளில் நிறைவேறிய சட்டங்களின் வழியே மிஷன் பாடசாலைகள் அரசின் பொறுப்புக்குச் சென்றன. சமூக நீதியின் நோக்கில் அம்மாற்றத்துக்கு நியாயங்கள் பல இருந்தன. ஆனால், பாடசாலையையே முதுகெலும்பாகக் கொண்டிருந்த சபைக்கு அது பெரும் அதிர்ச்சியாயிற்று. ஆசிரியர் நியமனம் மிஷனின் கையில் இல்லாதபோது, வகுப்புத் தலைவர்களும் பிரசங்கிமாரும் எங்கிருந்து வருவர் என்ற கேள்வி எழுந்தது. 1964ஆம் ஆண்டில் இலங்கை மெதடிஸ்த திருச்சபை தனக்கெனத் தன்னாட்சியுள்ள பேரவையைப் பெற்றது. வெளிநாட்டு மிஷனின் துணையுமின்றி, பாடசாலையின் துணையுமின்றி, சபை தன் அங்கத்தவரை மட்டுமே நம்பி நிற்க வேண்டிய காலம் அதுவே.

அதனினும் கொடிய சோதனை போரினால் வந்தது. 1981இல் மத்திய கல்லூரிக்கு அணித்தாயுள்ள பொதுநூலகம் எரிக்கப்பட்டது. 1990ஆம் ஆண்டுக் கோட்டை முற்றுகையின்போது அதன் சுற்றாடலெங்கும் பாழாயிற்று. 1993 நவம்பரில் குருநகர்ப் புனித யாகப்பர் ஆலயத்தின்மீது குண்டு வீசப்பட்டு, உயிர்கள் பலியாயின. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 30ஆம் திகதி தொடங்கிய பெரும் இடப்பெயர்வில் வலிகாமமும் நகரமும் வெறுமையாயின. கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் சைவரும் ஒரே வீதியில் ஒரே மழையில் நடந்தனர். ஆலயமும் மணியும் நாற்காலிகளும் பின்னே கிடந்தன. பென்னம்பெரிய கட்டடங்களால் ஆன சபையாயின் அது அன்றோடு முடிந்திருக்கும். பன்னிருவர் கூடினாற் போதும் என்ற ஒழுங்கில் வளர்ந்த சபைக்கோ தென்மராட்சியில் ஒரு மரநிழலும் போதுமானதே. 1996இல் மக்கள் திரும்பத் தொடங்கிய பின்னர் வாரங்கள் மீண்டும் எண்ணப்பட்டன.

முடிவுரை

கட்டடமும் கல்லூரியும் மிஷனரியும் நீங்கியபின் எஞ்சி நின்றது வார ஒழுங்கே என்பது இதுவரை கூறியவற்றாற் பெறப்படும். சிறு மனிதர் முறைவைத்துப் பொறுப்பேற்றலும், அதனை எழுதிவைத்தலும், அயலவரை மறவாமையுமே அதன் சாரம். இன்று புலப்பெயர்வினாற் சபைகள் சிறுத்துவிட்டன. ஒரு குடும்பத்தின் பெயர் லண்டனிலோ தொரன்ரோவிலோ வாசிக்கப்படும் அறிவித்தலுக்கு மாறிவிட்டது.

கவலைக்குரியது இன்னொன்று. பிரசங்க அட்டவணைகள், வகுப்புப் பதிவேடுகள், அங்கத்துவச் சீட்டுகள், ஏலக் கணக்குகள் என்பன எவராலும் வரலாற்று மூலங்களாகக் கருதப்பட்டவையல்ல. போரிற் போனவை போக, எஞ்சியவை பழைய பெட்டிகளிலும் அலமாரிகளிலும் கறையானுக்கு இரையாகின்றன. கடிதம் எழுதிய மிஷனரியின் குரல் இலண்டன் ஆவணச்சாலையிற் காக்கப்பட்டிருக்கிறது; அவருடைய பிரசங்கத்தைக் கேட்டு, மறுநாள் நோயுற்ற அயலவளைப் பார்க்கச் சென்ற யாழ்ப்பாணத்துப் பெண்ணின் பெயர் நம்மூர்ப் பதிவேட்டில் மட்டுமே இருக்கலாம். குருநகர்க் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடுகளுக்கும், சைவக் கோயில்களின் திருவிழா உபயத் துண்டுப்பிரசுரங்களுக்கும் இது பொருந்தும். நம் பல்கலைக்கழக மாணவர் விடுமுறையில் ஊர் திரும்பும்போது தம் வீட்டுப் பெட்டிகளை ஒருமுறை திறந்து பார்ப்பாராயின், யாழ்ப்பாணத்துச் சமூக வரலாற்றின் எழுதப்படாத அதிகாரமொன்றுக்கு வேண்டிய முதற்பொருள் கிடைத்துவிடும். அடுத்த ஞாயிறு யாருடைய முறை என்று எழுதிய ஒரு மஞ்சளித்த தாளே அதுவாயிருத்தல் கூடும்.