பிரசவ அறைக் காகிதங்கள்

தமிழ் எம்.ஏ. படித்தவனைத் தேடி ஊரில் இரண்டு காரியங்களுக்குத்தான் ஆள் வரும். கல்யாணப் பத்திரிகையில் ஒற்று மிகுமா என்று கேட்க. இல்லாவிட்டால் மனு எழுத. சில வாரங்களுக்கு முன் வந்த பெண் மனுவுக்காக வந்தவள். இடுப்பில் பையன். இரண்டு வருஷம் ஏழு மாசம் ஆகிறது, கழுத்து நிற்கவில்லை. கையில் மஞ்சப்பை, அதற்குள் பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டுகள், தொகையை மட்டும் கிறுக்கிய ஒரு துண்டுச்சீட்டு.

அவள் சொன்னது இது: “ராத்திரி பத்து மணிக்குச் சேத்தாங்கண்ணே. பனிக்குடம் உடைஞ்சிருச்சு. விடிய விடிய வலி. சிஸ்டரக் கூப்புட்டேன், வரல. விடியக்காலம் பாங்கு சொல்றப்ப மறுபடி கூப்புட்டேன். அதுக்கப்புறந்தான் டாக்டரம்மாவுக்கு போன் போட்டாங்க. ஆயுதம் போட்டு எடுத்தாங்க. புள்ள அழல.”

காகிதம் சொன்னது இது: நிறைமாதம், ஆயுதப் பிரசவம், ஆண் குழந்தை, 2.9 கிலோ; மூச்சூட்டிய பின் அழுதது; ஆறு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைக்கப்பட்டது. அவ்வளவுதான். ஆங்கில வாக்கியங்கள் பெரும்பாலும் செயப்பாட்டு வினையில். செய்தவர் யார் என்பது எங்குமில்லை, நேரம் எங்குமில்லை. ராத்திரி பத்து மணிக்கும் விடியற்காலைக்கும் நடுவிலிருந்த ஏழு மணி நேரம் பிரதியிலிருந்து உருவப்பட்டிருக்கிறது. கேஸ் ஷீட்டைக் கேட்டபோது “அதெல்லாம் தர்ற வழக்கமில்ல” என்று சொல்லிவிட்டார்களாம்.

“யார் தப்புண்ணே?” என்றாள். இரண்டு நாள் டைம் கேட்டேன். அந்த இரண்டு நாளில் புரட்டியதும் முன்னமே படித்து வைத்திருந்ததும் சேர்ந்ததுதான் இங்கே வருவது. அவள் கேட்ட கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்பதும், அந்த வரலாற்றில் பதிலைவிடக் காகிதம்தான் அதிகம் பேசப்படுகிறது என்பதும் எனக்குப் புதிதாகத் தெரிந்தவை.

1861 அக்டோபரில் லண்டன் மகப்பேற்று மருத்துவர் சங்கத்தில் வில்லியம் ஜான் லிட்டில் ஒரு கட்டுரை படித்தார். கைகால் இறுகி, நடை பின்னி, சிலசமயம் பேச்சும் தடைப்பட்ட குழந்தைகளை அவர் வருஷக்கணக்கில் பார்த்துவந்திருந்தார். (அவருக்கே சிறுவயதில் வந்த நோயால் ஒரு பாதம் கோணிப்போயிருந்தது என்பது இங்கே நினைக்கத்தக்கது.) இந்தக் குழந்தைகள் கடினமான பிரசவத்தில், குறைமாதத்தில், பிறந்தவுடன் மூச்சுத் திணறிப் பிறந்தவர்கள், பிறந்த நேரமே மூளையின் காயத்துக்குக் காரணம் என்றார். பூர்வஜென்ம வினை, கிரகணம், தாயின் பயம் என்றெல்லாம் சொல்லப்பட்டுவந்த ஒன்று கடிகாரத்தில் குறிக்கக்கூடிய சம்பவமாக ஆனது இப்படித்தான். வெகுகாலம் அந்நிலைக்கு அவர் பெயரே வழங்கியது: லிட்டிலின் நோய்.

இதை மறுத்தவர் யார் என்பதுதான் வேடிக்கை. நம் சிறுபத்திரிகைகளில் கனவுக்கும் காமத்துக்குமாக மேற்கோள் காட்டிக் காட்டித் தேய்ந்துபோன சிக்மண்ட் ஃப்ராய்டு. உளப்பகுப்பாய்வுக்கு வருமுன் அவர் நரம்பியல் மருத்துவர். குழந்தைகளின் மூளை முடக்குவாதம் பற்றி 1897-ல் பெரிய நூலொன்று எழுதினார். கடினமான பிரசவம் காரணமாக இல்லாமல் விளைவாக இருக்கலாம். கருவிலேயே ஏதோ கோளாறு நேர்ந்திருக்க, அதன் அறிகுறியாகவே பிரசவமும் சிக்கலாகியிருக்கலாம் என்பது அவர் வைத்த சந்தேகம். ஏறத்தாழத் தொண்ணூறு வருஷம் இதை யாரும் சட்டை செய்யவில்லை. 1986-ல் அமெரிக்காவில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. மூளை முடக்குவாதத்தில் சிறு பங்கை மட்டுமே பிரசவநேர மூச்சுத்திணறலால் விளக்க முடியும் என்றது அது. ஃப்ராய்டின் சந்தேகம் கல்லறையிலிருந்து எழுந்து நேரே எதிர்த்தரப்பு வக்கீலின் மேசைக்குப் போனது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஃப்ராய்டு சரியாகவே இருக்கலாம். அந்தப் பெண்ணின் பையனுக்கு நேர்ந்தது வலி எடுப்பதற்கு முன்பே நேர்ந்ததாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. ஆனால் தெரிந்துகொள்ளும் வழி எதுவென்று பார்த்தால், பிரசவத்தின்போது குழந்தையின் இதயத்துடிப்பை எத்தனை நேரத்துக்கு ஒருதரம் கேட்டார்கள், என்ன எண்ணிக்கை, பிறந்தவுடன் கொப்பூழ்க்கொடி ரத்தத்தின் அமிலத்தன்மை என்ன என்கிற குறிப்புகள்தாம். எல்லாம் ஆஸ்பத்திரியின் கையில். எழுதியிருந்தால் உண்டு, எழுதாவிட்டால் ஃப்ராய்டு ஜெயிப்பார்.

பிரசவ அறையில் மறைப்பு என்பது இன்று நேற்று வந்ததல்ல. ஆயுதப் பிரசவத்தின் ஆயுதமே ஒரு ரகசியமாகப் பிறந்தது. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சேம்பர்லன் குடும்பம் அந்த இடுக்கியை நூறு வருஷத்துக்கு மேல் குடும்பச் சொத்தாக மறைத்து வைத்திருந்தது. பொன்முலாம் பூசிய பெரிய பெட்டியில் கொண்டுபோவார்கள், பிரசவிப்பவளின் கண்ணைக் கட்டிவிடுவார்கள் என்று கதை. எசெக்ஸில் அவர்கள் வாழ்ந்த வீட்டின் பரணடித் தளத்துக்குக் கீழே 1813-ல்தான் அந்தக் கருவிகள் அகப்பட்டன. கண்கட்டு போய்விட்டது, பெட்டி மட்டும் கேஸ் ஷீட்டாக இருக்கிறது.

நமது பக்கத்துக் கதை வேறு மாதிரி. காலனிய அறிக்கைகளில் குழந்தை செத்தாலும் தாய் செத்தாலும் குற்றவாளி ஒருத்திதான்: மருத்துவச்சி. அழுக்கு, மூடத்தனம், கீழ்ச்சாதி என்ற மூன்றையும் ஒருசேர அவள்மீது ஏற்றினார்கள். அவளைத் திருத்தவென்று 1903-ல் விக்டோரியா நினைவு நிதியே ஏற்பட்டது. அவள் ஒன்றும் எழுதிவைக்கவில்லை. அவளைப் பற்றி மற்றவர்கள் எழுதினார்கள். இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரசவம் ஆஸ்பத்திரியில். மருத்துவச்சி போய்விட்டாள். எழுதப்படுகிறவளின் இடத்தில் இப்போது பிள்ளை பெற்றவள் உட்கார்ந்திருக்கிறாள்.

பர்மிங்ஹாமில் ஒரு வழக்கு. 1970-ல் ஆயுதம் போட்டு முயன்று, முடியாமல், சிசேரியன் செய்து எடுத்த குழந்தைக்கு மூளையில் காயம். அளவுக்கு மீறி இழுத்தார் என்பது டாக்டர்மீது குற்றச்சாட்டு. இலக்கியம் படித்தவர்கள் இந்த வழக்கை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். முழுக்க முழுக்க வாசிப்புத் தகராறு. ஆஸ்பத்திரியின் மூத்தவர்கள் எழுதிய அறிக்கையில் ஒரு சொல் வருகிறது: ‘டிஸ்இம்பாக்டட்’. இறுகிச் சிக்கியதை விடுவிப்பது என்று பொருள். விடுவித்தார்கள் என்றால் தலை சிக்கியிருந்தது. சிக்கியிருந்தது என்றால் இழுத்துச் சிக்கவைத்திருக்கிறார்கள் என்று விசாரணை நீதிபதி வாசித்தார். குழந்தைக்கு ஒரு லட்சம் பவுண்டு வழங்கினார். தாயின் சாட்சியமும் இருந்தது. இழுத்தபோது மின்சாரம் பாய்ந்தாற்போல் இடுப்பு மேசையைவிட்டுத் தூக்கிப்போட்டது என்று சொல்லியிருந்தாள். அது உடற்கூற்றின்படி நடக்காது என்றார்கள் டாக்டர்கள். அவள் சொன்னதை அப்படியே எடுக்கவேண்டாம், மேசையின் கீழ்ப்பக்கமாக இழுபட்டாள் என்று கொள்ளலாம் என்றார் நீதிபதி. உவமையை உவமையாக வாசித்திருக்கிறார், அவ்வளவுதான். மேல்முறையீட்டில் இரண்டு வாசிப்பும் நிற்கவில்லை. 1980 டிசம்பரில் பிரபுக்கள் சபை குழந்தைக்கு எதிராகவே முடித்தது. டாக்டரின் சொல்லுக்குத் தளர்வான பொருள் கொள்ள இடமுண்டு, தாயின் சொல்லுக்கு அந்தச் சலுகை இல்லை.

இதற்குப் பின்னால் 1957-ன் போலம் வழக்கு இருக்கிறது. அத்துறையில் பொறுப்புள்ள ஒரு சாரார் சரியென்று ஏற்கும் முறையில் டாக்டர் நடந்திருந்தால் அது கவனக்குறைவு ஆகாது என்பது அங்கே வகுத்த அளவுகோல். டாக்டரை அளக்கும் கோல் டாக்டர்கள் கையிலேயே இருக்கிறது. நம் உச்ச நீதிமன்றம் 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் இதையே ஏற்றுக்கொண்டது. கிரிமினல் குற்றமென்றால் கவனக்குறைவு மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும், புகாரோடு வேறொரு டாக்டரின் அபிப்பிராயமும் வேண்டும் என்றது. போலீசுக்குப் போ என்று அந்தப் பெண்ணுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். போகலாம்தான். அங்கேயும் வாசலில் நிற்பவர் இன்னொரு டாக்டர்.

இந்தியாவில் கதவு வேறு திசையில் திறந்தது, அதுவும் கடைத்தெருப் பக்கமாக. 1986-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் டாக்டருக்கும் பொருந்துமா என்பது கேள்வி. நோயறிவதும் வைத்தியம் செய்வதும் அச்சட்டம் சொல்லும் ‘சேவை’ ஆகாது என்று 1994-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 1995 நவம்பர் 13-ல், சாந்தா வழக்கில், உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டுப் பொருந்தும் என்றது. கோர்ட் ஃபீஸ் பயமில்லாமல், வக்கீல்கூட இல்லாமல், சாதாரண ஜனம் டாக்டரைக் கேள்வி கேட்க முடிந்தது அதற்குப் பிறகுதான். ஆனால் கோடு எங்கே விழுந்தது பாருங்கள். எல்லோருக்கும் இலவசமாக வைத்தியம் பார்க்கும் இடம் இந்தச் சட்டத்துக்கு வெளியே. காசு கொடுத்தவன் நுகர்வோன். கொடுக்க இல்லாததால் தர்மாஸ்பத்திரிக்குப் போனவள் சிவில் கோர்ட்டுக்குப் போய்க்கொள்ளட்டும். வலி ஒன்றுதான், பில்தான் வேறு.

சிவில் கோர்ட் வழியில் ஒரு மைல்கல் உண்டு. 1963 ஜூலையில் அவுரங்காபாத் அரசு ஆஸ்பத்திரியில் பிரசவித்துக் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பெண்ணின் வயிற்றில் துணியை விட்டுத் தைத்துவிட்டார்கள். இரண்டு வாரத்தில் செத்துப்போனாள். அரசாங்கம் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது 1996-ல். தொகை 36,000 ரூபாய். காலம் 33 வருஷம்.

அதே 1996 ஆகஸ்டில், சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு ஆஸ்பத்திரியில் 29-வது வாரத்தில், 1250 கிராம் எடையில், ஒரு பெண் குழந்தை பிறந்தது. குறைமாதக் குழந்தையின் விழித்திரை ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளரக்கூடும். முதல் சில வாரங்களில் கண்ணைப் பரிசோதித்தால் காப்பாற்றலாம். அந்தப் பரிசோதனை நடக்கவில்லை. குழந்தைக்குப் பார்வை போனது. இது ஆயுதத்தால் வந்த காயமல்ல, ஒரு வாக்கியம் சொல்லப்படாததால் வந்த காயம். தேசிய ஆணையம் 2009-ல் ஐந்து லட்சம் கொடுத்தது. 2015 ஜூலை 1-ல் உச்ச நீதிமன்றம் அதைச் சுமார் 1.8 கோடியாக உயர்த்தியது. அந்தப் பெண்ணின் வாழ்நாள் வைத்தியச் செலவை, வருங்கால விலைவாசி ஏற்றத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். அதற்குள் அவளுக்குப் பதினெட்டு வயது முடிந்திருந்தது.

தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே கொடுக்கிற வழியும் உலகத்தில் இருக்கிறது. நியூசிலாந்து 1974-லிருந்து, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் 1987-ன் சட்டத்தால், பிரசவத்தில் நேரும் மூளைக் காயத்துக்கு மட்டுமாக ஜப்பான் 2009-லிருந்து. ஜப்பான் முறையில் எனக்குப் பிடித்தது பணமல்ல. என்ன நடந்தது என்று ஆராய்ந்து, அந்த அறிக்கையைக் குடும்பத்தின் கையிலும் கொடுக்கிறார்கள்.

இங்கே கையில் என்ன கொடுக்கிறார்கள்? 2002-ன் மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை, உள்நோயாளியின் ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்கிறது. ஆக “வழக்கமில்ல” என்பது பொய். அதே விதி, ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று வருஷம் வைத்திருந்தால் போதும் என்றும் சொல்கிறது. இதை 1963-ன் காலவரையறைச் சட்டத்தோடு சேர்த்து வாசிக்க வேண்டும். மைனருக்கு நேர்ந்த தீங்குக்கு, பதினெட்டு முடிந்தபிறகு அவனே சிவில் வழக்குப் போடலாம். அதற்கு மேல் மூன்று வருஷம்வரை இடமுண்டு. உரிமை இருபத்தொரு வயதுவரை உயிரோடு இருக்கிறது. அதை நிரூபிக்கும் காகிதம் மூன்று வயதில் பழைய பேப்பர் கடைக்குப் போகலாம், சட்டப்படியே. பிள்ளை உட்காரவில்லை, நிற்கவில்லை, பேசவில்லை என்று வீட்டில் ஒவ்வொன்றாகத் தெரியவந்து, “லேட்டாப் பேசுற பரம்பரை” என்று மாமியார் சமாதானம் சொல்லி முடிப்பதற்குள் அந்த மூன்று வருஷம் ஓடிப்போகும்.

அவள் திரும்பி வந்தபோது இதைத்தான் முதலில் சொன்னேன். இன்னும் ஐந்து மாசம் இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருஷக் கெடு, அது தாண்டியாயிற்று. ஆனாலும் காயம் தெரியவந்த நாளிலிருந்து எண்ணவேண்டும் என்று வாதாடலாம், தாமதத்துக்குக் காரணம் சொல்லி மன்னிக்கக் கேட்கலாம். 1998-ல் வேறொரு குழந்தையின் வழக்கில் பெற்றோரும் குழந்தையும் இருவருமே நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. துண்டுச்சீட்டைப் பத்திரப்படுத்து, அதுதான் நீ காசு கொடுத்தவள் என்பதற்குச் சாட்சி. வருமானம் எவ்வளவானாலும் பெண்ணுக்கும் குழந்தைக்கும் சட்ட உதவி ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உண்டு. ஆஸ்பத்திரிக்காரர்கள் தப்புச் செய்யவில்லை என்றும் முடிவாகலாம், அதற்கும் தயாராக இரு. “செய்யலைன்னா செய்யலைன்னு எழுதித் தரட்டும்ணே” என்றாள்.

முதலில் கேஸ் ஷீட் கேட்டு ஒரு கடிதம், பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு. அதை எழுதி வாசித்துக் காட்டினேன். பெயர், சேர்த்த தேதி, பிரசவத் தேதி, கேட்கும் ஆவணங்கள், 72 மணி நேரம்.

“நான் ரெண்டு தடவ கூப்புட்டேன்ல, அது எங்கண்ணே?”

கேஸ் ஷீட் கேட்கிற கடிதத்தில் அது வராது, பின்னால் புகார் மனுவில் எழுதலாம் என்றேன். அவள் பையனை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு பேசாமல் நின்றாள். கடிதத்தை வாங்கி, தேதிக்குக் கீழே, முதல் பத்தியாகச் சேர்த்தேன்: இரவு பத்து மணிக்குச் சேர்ந்த நான், இரண்டு முறை செவிலியரை அழைத்தேன், இரண்டாம் முறை அழைத்தது விடியற்காலைப் பாங்கு ஒலித்த நேரம். பள்ளிவாசலில் கேட்டு, அன்றைய தேதிக்குப் பாங்கு எத்தனை மணிக்கென்று குறித்துக்கொண்டு வரச்சொல்லி அனுப்பினேன்.