இறுதியாண்டு ஆய்வும் புறப் பரீட்சகரும்

சிறப்புப் பட்டநெறி மாணவன் இறுதியாண்டில் நிறைவுசெய்யும் ஆய்வை மதிப்பிடுபவர் யார் என்னும் வினா, மேலோட்டமாக நோக்குவோர்க்கு நிருவாகஞ் சார்ந்த சிறு வினாவாகவே தோன்றும். ஆயின், பட்டப்படிப்பின் இயல்பையே அது நிர்ணயிக்கின்றது. வழிகாட்டிய ஆசிரியரே தீர்ப்பளிப்பவராகவும் அமையுமிடத்து, மாணவன் பாடப்பொருளை மட்டுமன்றி ஆசிரியரின் விருப்பு வெறுப்புகளையும் கற்கத் தலைப்படுகின்றான். இந்நிலையை மாற்ற ஐக்கிய அமெரிக்காவில் எழுந்த ஒரு முயற்சியின் வரலாறு, இலங்கையின் உயர்கல்வி வரலாற்றோடு ஒப்புநோக்கத்தக்கது.

இந்தியானா மாநிலத்திற் பிறந்த பிராங்க் ஏடெலொட் (1880-1956) 1905இல் றோட்ஸ் புலமைப்பரிசில் பெற்று ஒக்ஸ்போர்ட்டின் பிரேஸ்நோஸ் கல்லூரியிற் சேர்ந்தார். எலிசபெத்துக் காலத்துப் போக்கிரிகளும் நாடோடிகளும் பற்றி அவர் எழுதிய ஆய்வு 1913இல் நூலாக வெளிவந்தது. பின்னாளிற் கல்லூரித் தலைவராகிய ஒருவர் போக்கிரிகளின் வரலாற்றோடு புலமை வாழ்வைத் தொடங்கியமை சுவையானதொரு செய்தியே. ஒக்ஸ்போர்ட்டில் அவரைக் கவர்ந்தது அங்கு நிலவிய பரீட்சை ஒழுங்கு ஆகும். அங்கே கற்பிப்பவர் கல்லூரி ஆசான். பரீட்சிப்பவர் பல்கலைக்கழகம் நியமிக்கும் வேறொருவர். எனவே ஆசானும் மாணவனும் ஒரே பக்கத்தில் நின்று மூன்றாமவரின் தீர்ப்பை எதிர்கொண்டனர்.

அமெரிக்க நிலைமை இதற்கு மாறானது. 1869 முதல் நாற்பது ஆண்டுகள் ஹாவர்ட் பல்கலைக்கழகத் தலைவராயிருந்த சார்ள்ஸ் எலியட் விருப்பத்தெரிவுப் பாடமுறையை வளர்த்தெடுத்தார். அது மாணவர்க்குச் சுதந்திரம் அளித்தது உண்மையே. ஆயினும் பட்டம் என்பது தனித்தனிப் பாடங்களிற் சேர்த்த புள்ளிகளின் கூட்டுத்தொகையாகச் சுருங்கியது. கற்பித்தவரே பரீட்சித்தார், அவரே புள்ளியும் இட்டார். வல்லோரும் மெல்லோரும் ஒரே நடையில் நடக்க வேண்டியிருந்த இம்முறையை, சிறைக்கைதிகள் ஒருவர்பின் ஒருவராக நெருங்கி அடியெடுத்துவைக்கும் அணிநடைக்கு ஏடெலொட் ஒப்பிட்டார். 1944இல் வெளியான தமது நூலின் தலைப்பிலும் அவ்வுவமையையே கையாண்டார்.

1921இற் பென்சில்வேனியாவிலுள்ள சுவாத்மோர் கல்லூரியின் தலைமையை ஏற்ற அவர், மறு ஆண்டே சிறப்புக் கற்கைநெறியைத் தொடக்கினார். தெரிவுசெய்யப்பட்ட மாணவர் இறுதி இரு ஆண்டுகளில் வழமையான விரிவுரைகளினின்றும் விடுவிக்கப்பட்டனர். ஒரு தவணைக்கு இரண்டு கருத்தரங்குகள் மட்டுமே அவர்க்கு உரியன. ஒரு சில மாணவர் வாரமொருமுறை கூடி, தாம் எழுதிய கட்டுரைகளை வாசித்து விவாதிப்பர். கருத்தரங்கு பேராசிரியரின் இல்லத்திலே நிகழ்வதும் உண்டு. இடையிற் புள்ளிகள் இல்லை. ஈராண்டு முடிவில் வெளியூர்ப் பல்கலைக்கழகங்களிலிருந்து அறிஞர் வந்து, எழுத்துப் பரீட்சையும் நேர்முக வாய்மொழிப் பரீட்சையும் நடத்தி, சிறப்புத் தகுதியின் தரத்தை வழங்கினர். கற்பித்த பேராசிரியர்க்கு அத்தீர்ப்பிற் பங்கில்லை. ஈராண்டு உழைப்பு முழுவதும் முன்பின் அறியாத ஒருவரின் வினாக்களைச் சில நாட்களில் எதிர்கொள்வதிலே தங்கியிருந்தமை மாணவர்க்குக் கடுஞ்சோதனையே. அறிஞரை ஆண்டுதோறும் வரவழைப்பது பெருஞ்செலவு மிக்கதாதலின், ஏபிரகாம் பிளெக்ஸ்னர் பணியாற்றிய பொதுக் கல்விச் சபையின் நிதியுதவி இம்முயற்சிக்கு உறுதுணையாயிற்று.

ஏடெலொட் பதவியேற்ற அதே 1921இற் கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பெற்றது. அங்கும் கற்பித்தவர் இறுதித் தீர்ப்பாளரல்லர். மாணவர் தோற்றியது இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைக்கே. ஆயின் சுவாத்மோரில் விடுதலையாகக் கருதப்பட்ட ஒன்று கொழும்பில் தளையாகவே உணரப்பட்டது. 1942இல் ஐவர் ஜெனிங்ஸைத் துணைவேந்தராகக் கொண்டு இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகி, சொந்தமாகப் பட்டமளிக்கும் உரிமை கிடைத்ததும் அது பெரும் பேறாகக் கொள்ளப்பட்டதில் வியப்பில்லை. இவ்வேறுபாட்டின் காரணத்தைப் பாடத்திட்டத்திலே தேடவேண்டும். சுவாத்மோருக்கு வந்த அறிஞர், அங்குள்ள ஆசிரியர் வகுத்த பாடத்திட்டத்தையும் வாசிப்புப் பட்டியலையும் பெற்று, அவற்றுக்கமையவே வினாக்களை ஆக்கினார். கொழும்பிலோ பாடத்திட்டமும் இலண்டனிலிருந்தே வந்தது. புறத்தார் பரீட்சிப்பது வேறு, புறத்தார் எதைக் கற்பதென விதிப்பது வேறு.

அமெரிக்காவில் இத்திட்டம் பரவிய விதமும் நோக்கற்பாலது. 1957இற் கொலராடோப் பல்கலைக்கழகத்தின் ஜோசப் கோகனின் முயற்சியால் மீத்திறன் மாணவர்க்கான பல்கலைக்கழகங்களிடைக் குழு அமைந்தது. அவ்வாண்டு ஒக்டோபரிற் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதும் திறமைசாலிகளைப் பேணும் ஆர்வம் பெருகியது. மாநிலப் பல்கலைக்கழகங்கள் பல சிறப்பு நெறிகளை நிறுவின. ஆனாற் பல்லாயிரவர் பயிலும் அந்நிறுவனங்களிற் புறப் பரீட்சகர் முறை வேரூன்றவில்லை. அதனிடத்தை இறுதியாண்டு ஆய்வுக்கட்டுரை பிடித்துக்கொண்டது. கட்டடத்தின் உச்சியில் இறுதியாக வைக்கப்படும் முடிக்கல்லின் பெயரால் அமெரிக்கர் இதனை அழைக்கலாயினர். பின்னர்ச் சில நெறிகளிற் களப் பயிற்சியும் ஆய்வுக்கு ஈடாக ஏற்கப்பட்டது. ஒறிகனிலுள்ள றீட் கல்லூரி, 1915இற் பட்டம்பெற்ற தன் முதல் அணி தொட்டே, தெரிந்தெடுத்த சிலர்க்கன்றி எல்லா மாணவர்க்கும் ஆய்வுக்கட்டுரையைக் கட்டாயமாக்கியிருந்தது. அவ்வகையில் அது ஏடெலொட்டின் திட்டத்திலும் சனநாயகப் பண்பு மிக்கது எனலாம். எனினும், மேற்பார்வையாளரே மதிப்பீட்டிலும் முதன்மை பெறும் ஆய்வுக்கட்டுரை, தன்னை அறியாத வாசகர் ஒருவரை மனத்திற்கொண்டு எழுதும் பயிற்சியை ஓரளவுக்கே தரவல்லது. முடிக்கல் எஞ்சியது, அதனை ஏறிட்டு நோக்கும் அயலார் பெரும்பாலும் மறைந்தனர்.

சுவாத்மோரிலும் மாற்றங்கள் நேர்ந்தன. 1990களின் நடுப்பகுதியில் நெறி திருத்தியமைக்கப்பட்டபோது, கருத்தரங்குகளுக்கு ஆசிரியரே தரமிடும் வழக்கம் இடம்பெற்றது; ஆய்வுக்கட்டுரையும் சிறப்புத் தகுதிக்கான ஆயத்தங்களுள் ஒன்றாகக் கொள்ளப்படுகின்றது. சிறப்புத் தகுதியை வழங்கும் உரிமை மட்டும், மே மாதந்தோறும் வந்து செல்லும் புறப் பரீட்சகரிடமே விடப்பட்டுள்ளது.