செவிலியரின் மனச்சுமையும் மூச்சுத் தியானமும்

நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்ப்பவளின் நாடியை யார் பார்ப்பது? மருத்துவமனைகள் நெடுங்காலம் இக்கேள்வியைக் கேட்டதில்லை. ஊன்றிக் கேட்டவர்களுள் ஒருவர் இசபெல் மென்சீஸ் என்னும் உளப்பகுப்பாய்வாளர்.

லண்டனில் பெரிய மருத்துவமனையொன்றில் பயிற்சி பெற்ற இளஞ்செவிலியரை ஆராய்ந்து, 1960-இல் அவர் தம் முடிவுகளை வெளியிட்டார். அங்கே ஏறத்தாழ மூவரில் ஒருவர் பயிற்சியை முடிக்காமலே வெளியேறினர். பெரும்பாலோர் தாமாகவே விலகியவர்கள். காரணம் யாது? நோவையும் சாவையும் அன்றாடம் காணும் இளம்பெண்ணுக்கு அச்சம் எழுவது இயல்பு. அவ்வச்சம் அவளைத் தீண்டாதிருக்க, வேலையையே துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருந்தனர். ஒருத்தி பலருக்கும் ஒரே பணியைச் செய்வாள். எந்த நோயாளியுடனும் நெடுநேரம் இராள். படுக்கை எண்ணும் பழுதுற்ற உறுப்புமே நோயாளியின் பெயர். (வருகைப் பதிவேட்டு எண்ணைச் சொல்லியே மாணவரை அழைத்த ஆசிரியர்களுள் நானும் ஒருவன், அவர்களை நான் குறைகூறுவதெப்படி?) ஆயினும் முகத்தைத் திருப்பிக்கொண்டதால் அச்சம் அகலவில்லை, ஒருவரைப் பேணித் தேற்றினோம் என்னும் நிறைவே அகன்றது என்று மென்சீஸ் கண்டார்.

இதற்கு நேர்மாறான வழியொன்று கிழக்கே இருந்தது. எழும் உணர்ச்சியை விலக்காமலும், அதன் பின்னே ஓடாமலும், மூச்சில் கருத்தை நிறுத்தி உள்ளதை உள்ளவாறு கவனிப்பது பௌத்தத் துறவியர் பயின்ற தியானம். பாலி மொழியில் இக்கவனத்தை 'ஸதி' என்பர். நம் 'சதி'க்கும் அதற்கும் உறவில்லை! 1885-இல் பர்மாவின் கடைசி மன்னரை ஆங்கிலேயர் வீழ்த்திய பின்னர், லெடி சயாதோ போன்ற துறவியர் அதனை இல்லறத்தாருக்கும் கற்பித்தனர். அமெரிக்காவில், பௌத்த ஆசிரியர்களிடம் தியானம் பயின்ற உயிரியலறிஞர் ஜான் கபாட்-ஸின், 1979-இல் சமயச் சொற்களை நீக்கி அதனைச் சில வாரப் பாடமாக அமைத்தார். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில், தீராத வலியால் வருந்தியோர் அவருடைய தொடக்ககால மாணாக்கர்.

செவிலியர் பிறகே வந்தனர். நாள்தோறும் 45 நிமிடம் பயில வேண்டும் என்றால், இரவுப்பணி முடித்து வீடு திரும்புபவளுக்கு ஏது அந்நேரம்? ஆகவே, 2006-இல் வெளியான கனடிய ஆய்வொன்று பாடத்தை 4 வாரமாகச் சுருக்கிப் பார்த்தது. கலந்துகொண்டோர் ஏறத்தாழ 30 பேரே. எனினும் பயின்றவர்களிடம் பணிச்சோர்வு குறைந்திருந்தது. பின்வந்த பல ஆய்வுகளும் அவ்வாறே கூறுகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை சிறியவை என்பதையும் மாணவர்கள் மறக்கலாகாது.

மூவர் வேண்டிய இடத்தில் ஒருத்தியை நிறுத்திவிட்டு, 'மூச்சைக் கவனி' என்று அவளிடம் சொல்வதை நான் ஒப்பமாட்டேன். ஆட்குறைவை நிருவாகமே தீர்க்க வேண்டும். அது தியானத்தின் வேலையன்று. தியானம் செய்யக்கூடியது வேறு. ஒரு படுக்கையை விட்டு அடுத்ததற்குச் செல்லுமுன் அவள் கை கழுவுகிறாள். அந்த அரை நிமிடம், நீரின் குளிர்ச்சியையும் மூச்சின் போக்கையும் உணர்ந்து நிற்கிறாள். பிறகு அடுத்த நோயாளியிடம் போகிறாள்.