இரத்தத்தில் மருந்தளவை முன்கணித்தல்

நோயாளியிடமிருந்து எடுத்த ஓரிரு இரத்த மாதிரிகளைக் கொண்டு, மற்ற நேரங்களில் அவர் இரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கும் என்று கணக்கிடுவது மருந்தளவு முன்கணிப்பு எனப்படும். குணமளிக்கும் அளவுக்கும் நச்சாகும் அளவுக்கும் இடையே குறுகிய இடைவெளி மட்டுமே உள்ள மருந்துகளுக்கு இது தேவைப்படுகிறது. வேன்கோமைசின், ஜென்டாமைசின் ஆகிய ஆன்டிபயாடிக்குகள், வலிப்புநோய்க்கான ஃபெனிட்டாயின், இதய மருந்தான டிகாக்சின், உறுப்பு மாற்றத்துக்குப் பின் தரப்படும் டாக்ரோலிமஸ் ஆகியவை இவ்வகையின.

அடிப்படை

உடலில் மருந்து எவ்வளவு பரவுகிறது, எவ்வளவு விரைவாக வெளியேறுகிறது என்ற இரண்டும் ஆளுக்கு ஆள் மாறுபடும். இவை இரண்டும் சேர்ந்து அரை ஆயுளைத் தீர்மானிக்கின்றன. மருந்தளவு பாதியாகக் குறைய ஆகும் நேரமே அரை ஆயுள்.

12 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரச் சொட்டு மருந்தாக வேன்கோமைசின் பெறும் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். சில வேளைகள் தொடர்ந்து கொடுத்து அளவு நிலைப்பட்ட பின், சொட்டு தொடங்கிய 2ஆம் மணியில் லிட்டருக்கு 30 மில்லிகிராமும் 10ஆம் மணியில் 15 மில்லிகிராமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்தில் அளவு பாதியாகியிருப்பதால் அரை ஆயுள் 8 மணி. இதிலிருந்து, சொட்டு முடிந்தபோது சுமார் 32.7, அடுத்த வேளைக்கு முன் சுமார் 12.6 மில்லிகிராம் என்று கணக்கிடலாம். நேரத்துக்கு எதிராக அளவை வரைந்தால் கிடைக்கும் வளைவின் கீழுள்ள பரப்பு, 24 மணி நேரத்துக்குச் சுமார் 510 ஆகும். உடல் மருந்துக்கு மொத்தத்தில் எவ்வளவு ஆட்பட்டது என்பதை இப்பரப்பு காட்டுகிறது.

பேய்ஸ் முறை

ஓர் இரத்த மாதிரி மட்டுமே இருந்தால் இந்தக் கணக்கு நடவாது. ஒரு புள்ளியைக் கொண்டு சரிவை அறிய முடியாது. அந்தக் குறையை, முன்பு அதே மருந்தைப் பெற்ற பலரின் தரவு நிரப்புகிறது. எடை, வயது, சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் அளவு ஆகியவற்றை வைத்து இந்த நோயாளிக்கு எதிர்பார்க்கத்தக்க வளைவு முதலில் வரையப்படுகிறது. பிறகு அளந்த மதிப்பு அந்த வளைவைத் தன் பக்கம் இழுக்கிறது. மாதிரிகள் கூடக்கூடப் பொதுத் தரவின் செல்வாக்கு குறைந்து நோயாளியின் சொந்த இயல்பு மேலோங்கும். 1763இல் வெளியான தாமஸ் பேய்ஸின் நிகழ்தகவு ஆய்வே இதற்கு மூலம்.

இதை மருந்தளவுக்குப் பொருத்தியதில் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லூயிஸ் ஷைனருக்கும் ஸ்டூவர்ட் பீலுக்கும் பெரும் பங்குண்டு. ஷைனரும் உடன் பணியாற்றியவர்களும் 1972இல் கணினிவழி மருந்தளவு பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். ஷைனரும் பீலும் உருவாக்கிய ‘நான்மெம்’ மென்பொருள், ஒவ்வொருவரிடமும் சில மாதிரிகளே இருந்தாலும் பலரின் தரவை ஒருசேர ஆராய வழிசெய்தது.

மருத்துவமனைப் பயன்பாடு

கடுந்தொற்றுக்கு வேன்கோமைசின் தரும்போது, அடுத்த வேளைக்குச் சற்று முன் லிட்டருக்கு 15 முதல் 20 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டுதல் கூறியது. இந்த இலக்கைப் பின்பற்றியபோது சிறுநீரகப் பாதிப்பு கூடுவது தெரியவந்தது. 2020ஆம் ஆண்டின் வழிகாட்டுதல், மெதிசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவின் கடுந்தொற்றுக்கு 24 மணி நேரப் பரப்பு 400 முதல் 600 வரை இருக்க வேண்டும் என்று மாற்றியது. மேலே கண்ட 510 இந்த எல்லைக்குள் அடங்கும்.

ஃபெனிட்டாயினுக்கு அரை ஆயுள் கணக்கு பொருந்தாது. அதைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகள் தம் திறனின் எல்லையை எட்டியதும், வேளையளவைச் சிறிது கூட்டினாலே இரத்த அளவு பன்மடங்கு ஏறிவிடும்.

பிழைகள்

மாதிரி எடுத்த நேரம் தவறாகப் பதிவானால் ஆய்வகம் சரியாக அளந்த மதிப்பும் தவறான வளைவையே தரும். மருந்து ஏறும் அதே குழாயிலிருந்து இரத்தம் எடுத்தால் அளவு பொய்யாக உயரும். டயாலிசிஸ், தீக்காயம், கர்ப்பம் போன்ற நிலைகளுக்கு, அத்தகையோரின் தரவில் உருவான கணக்கீட்டு மாதிரியமே பொருந்தும். சிறுநீரகச் செயல்பாடு நாளுக்கு நாள் மாறும் நோயாளியிடம் நேற்றைய கணிப்பு இன்று செல்லாது. புதிதாக மாதிரி எடுக்க வேண்டும்.